ஏரி கோடி போன சேதி

1

நெதர்லாந்தில் வீடு வாங்கினால் கூடவே ஒரு வாய்க்காலும் வந்து சேரும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்று ஓடுகிறது. ஓடுகிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வருஷத்தில் பாதி நாள் பாசி பிடித்துப் படுத்துத்தான் கிடக்கும். ஆனாலும் அதில் எங்கள் பக்கத்துப் பாதி எங்கள் பொறுப்பு. குளிர் தொடங்குவதற்கு முன் கோரையையும் பாசியையும் வாரிக் கரையில் போட வேண்டும். போட்டோமா என்று பார்க்க நீர் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வருவார். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கரையோடு நடந்து, ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்.

இந்த வருஷம் அவருக்கு எங்கள் பாதி பிடிக்கவில்லை. ரொம்ப மரியாதையான டச்சு மொழியில் எச்சரிக்கை வந்துவிட்டது. என் கணவர் ராஜசேகர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏரிப்பாசனக்காரங்க வீட்டுப் பொண்ணைக் கட்டிக்கிட்டு வந்து, வாய்க்கால் வாரலைன்னு நோட்டீஸ் வாங்கின மொத ஆளு நான்தான்" என்றார். அவர் மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவர். வாய்க்கால் என்றால் அவருக்குச் சாக்கடைதான்.

சனிக்கிழமை இருவரும் முழங்கால் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினோம். தண்ணீர் சில்லிட்டுக் கிடந்தது. பாசியை வாரிப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான், போன வருஷம் இதே கார்த்திகையில் வந்த ஒரு போன் சேதி நினைவுக்கு வந்தது. அதைப்பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் ஊர் திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஆறு கிடையாது, ஏரிதான். அது நிரம்பியதும், கரையின் கடைசியில் இருக்கும் தாழ்ந்த கல் சுவரின் மேல் தண்ணீர் வழிந்து போகும். அந்தக் கல் சுவருக்குக் கலங்கல் என்று பெயர். அப்படி வழிவதை 'ஏரி கோடி போகிறது' என்போம். கல்லூரியில் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லப்போய், என் தோழி ஒருத்தி பண விஷயம் ஏதோ சொல்கிறேன் என்று கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

ஏரி கோடி போனால் அந்த வருஷத்து நெல் நிச்சயம். ஊரே கலங்கலுக்குப் போகும். மஞ்சளும் குங்குமமும் வைத்து, தண்ணீரில் பூ போட்டு, கற்பூரம் காட்டுவார்கள். மனசு வந்தவர்கள் கெடா வெட்டுவார்கள். கலங்கலுக்குக் கீழே ஏறி வருகிற மீனைப் பிடிக்க, பள்ளிக்கூடம் போன பிள்ளையெல்லாம் அங்கேதான் நிற்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கோடி போன சேதியைக் கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சொல்லி அனுப்ப வேண்டும். நெல் நிச்சயம் என்றால் தைப் பொங்கலுக்குச் சீரும் நிச்சயம், நீ வரலாம் என்று அர்த்தம். என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா இருந்தவரைக்கும் எனக்கு இந்தச் சேதி போனில் வந்துகொண்டிருந்தது. டில்லியில் இருந்தபோதும் வந்தது, இங்கே வந்த பிறகும் வந்தது. ஊரெங்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

நைனாவும் அம்மாவும் போன பிறகு என் தம்பி ஏழுமலைக்கு இதெல்லாம் தோன்றவில்லை. அவன் பள்ளிக்கூட நாளிலேயே செங்கல்பட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டவன். படூரில் அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருந்து, ஒரு கம்பெனிக்கு வண்டிகள் அனுப்பும் வேலை பார்த்து, கடன் வாங்கித் திருப்போரூர் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறான். 'லேக் வியூ' என்று வாசலில் வளைவு வைத்த நகர். ஏரி கோடி போவது அவனுக்குச் செய்தியே இல்லை.

போன வருஷம் எனக்கு வாட்ஸப்பில் குரல் அனுப்பியது பெரியப்பா மகன் முருகேசன் அண்ணன். அவர் மட்டும்தான் இன்னும் ஊரில் கழனி வைத்திருக்கிறார்.

"தேவகி, அண்ணன் பேசறேம்மா. நம்ம ஏரி கோடி போவுது! இன்னா சத்தம் தெரியுமா, கேளு!"

அதற்குப் பிறகு தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் சமையலறையில் நின்றபடி திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

3

என் மகள் நிலாவுக்கு அப்போது பதினாறு முடிந்திருந்தது. தமிழ் புரியும், பேசுவாள். ஆனால் யோசிப்பதெல்லாம் டச்சில். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"ஏரி நிரம்பி வெளியே வருதா? அப்போ ஆட்கள் பத்திரமா இருக்காங்களா?"

"அது வெள்ளமில்ல டி. நல்ல சேதி."

அவள் போனில் வரைபடத்தைத் திறந்தாள். "மாமா வீடு இங்கே. ஏரி இங்கே. ஏரி மேலே இருக்கு, மாமா வீடு கீழே இருக்கு. தண்ணி எந்த வழியாப் போகும்?"

"அது வேற ஊரு. நீ கெளம்பு, பஸ் போயிடும்."

பஸ்ஸிலும் எனக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான். நான் ஏறுகிற நிறுத்தத்துக்குப் 'பழைய மதகு' என்று பெயர். அங்கே மதகு கிடையாது. எப்போது எடுத்தார்கள் என்று தெரிந்தவரும் கிடையாது. ஆனால் பலகையில், வரைபடத்தில், பஸ் அறிவிப்பில் எல்லாம் மதகு என்றுதான் இருக்கும். வந்த புதிதில், இல்லாத மதகைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்துச் சமையலறையில். கூட வேலை செய்யும் மாரியா, முகம் ஏன் இப்படிப் பளபளவென்று இருக்கிறது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த டச்சில், எங்கள் ஊர் ஏரி கரை தாண்டிப் போகிறது என்றேன். அவள் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு கொடுமை, வீட்டுக்குப் போகிறாயா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இல்லை, இல்லை, சந்தோஷம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை விளக்கினேன். பூ, மஞ்சள், மீன் என்றெல்லாம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு கிண்ணம் சூப் எடுத்து வந்து என்னை உட்காரவைத்துக் குடிக்கவைத்தாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. தண்ணீர் என்றாலே பயப்படுகிற சனங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். சூப் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

4

மதிய இடைவேளையில் தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். எடுத்ததும் யார் என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன்.

"டேய், ஏரி கோடி போவுதாமே! முருகேசன் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நீ ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? கலங்கலுக்குப் போய் பூ போட்டியா இல்லியா?"

அந்தப் பக்கம் எதையோ இழுத்து நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு தம்பி மனைவி கலாவின் குரல் வந்தது.

"அண்ணி, நான் கலா. உங்க தம்பி பீரோவத் தூக்கிகினு கீறாரு. கோடி போன தண்ணி எங்க வூட்டு ஹால்லதான் கீது. இங்கயே பூ போட்டுடவா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. நான் திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. மாரியா பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் என் வேலையையும் சேர்த்துச் செய்தாள்.

பிறகு தம்பியிடமிருந்து சேதி வந்தது. தண்ணீர் முழங்கால் அளவு, எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டோம், பயமில்லை. அதற்குக் கீழே தனியாக, 'கலா கோவமா கீறா. அப்புறம் பேசறேன்.'

5

அந்த அப்புறம் சீக்கிரம் வரவில்லை.

தம்பி பேசினான். தண்ணீர் வடிந்தது, சோபாவைத் தூக்கிப் போட்டது, சேறு கழுவியது எல்லாம் சொன்னான். கலா பேசவில்லை. போனைக் கொடு என்றால் குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள். ஒரு மனுஷியால் இத்தனை முறை குளிக்க முடியாது.

எங்கள் ஊர் வீட்டை அம்மா போன பிறகு பூட்டியாயிற்று. அதற்குப் பிறகு வருஷா வருஷம் தை மாதம் நான் போய் இறங்குவது தம்பி வீட்டில்தான். டிக்கெட் போட்டீங்களா அண்ணி என்று கார்த்திகை தீபத்துக்கு மறுநாளே கலா கேட்டுவிடுவாள். எனக்காக வாளைக் கருவாட்டைச் சொல்லிவைத்து வாங்கிப் பரணில் வைத்திருப்பாள். கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நிலா ஒரு நாள் என்னம்மா என்று கேட்டாள். "எனக்குப் பொறந்த வீடு இல்லாமப் போயிடுமோன்னு இருக்கு" என்றேன்.

"நீ பொறந்தது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில்தானே?"

இதை எந்த மொழியில் விளக்குவது? டச்சில் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. கடைசியில் தமிழிலேயே சொன்னேன். அம்மா அப்பா இருக்கிறவரைக்கும் அவர்கள் இருக்கிற வீடு. அவர்கள் போன பிறகு, தம்பி பெண்டாட்டி 'வாங்க' என்று சொல்கிற வீடு.

நிலா கொஞ்சம் யோசித்தாள். "அத்தை சொல்லலைன்னா?"

நான் போய்த் துணி மடித்தேன்.

பழைய வார்த்தைகள் வழக்கிழந்து போகின்றன என்று புலம்புகிற ஆள் இல்லை நான். மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கவலை ஏற்றத்தில் எத்தனை உறுப்பு இருந்ததோ அத்தனைக்கும் பெயர் இருந்தது. இன்றைக்கு மோட்டார் வந்துவிட்டது, அந்தப் பெயர்களும் போய்விட்டன. போகட்டும். மாட்டுக்கும் நிம்மதி, மனுஷனுக்கும் நிம்மதி. பொருள் போனால் அதன் பெயரும் பின்னாலேயே போவதுதான் முறை. ஆனால் இங்கே நடந்தது அதுவா? ஏரி அப்படியே இருக்கிறது. கலங்கல் இருக்கிறது. மழை வந்தால் தண்ணீர் அதே வழியில்தான் இறங்குகிறது. அதன் பெயரை மட்டும் நாங்கள் நடுவழியில் இறக்கிவிட்டோம். அந்தத் தண்ணீர் போகிற வாய்க்காலுக்கு இப்போது தம்பி இருக்கிற நகரில் முப்பதடி ரோடு என்று பெயர். என் மகள் வரைபடத்தில் பார்த்துக் கண்டுபிடித்ததை, அந்த ஏரிக்கரையில் பிறந்த நான் வேறு ஊர் என்று சொல்லி அவளைப் பஸ்ஸுக்கு விரட்டினேன். இதை நினைத்தால் இன்னும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

6

அழைப்பு இல்லாமலே டிக்கெட் போட்டேன். தம்பிக்கு மட்டும் சொன்னேன். விமான நிலையத்திலிருந்து ஓ.எம்.ஆர். வழியாகக் கூட்டிப்போனான். படூர் தாண்டும்வரை நெதர்லாந்துக் குளிரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அவனுக்கும் பயம் இருந்திருக்கும்.

கலா வாசலில் நின்றாள். "வாங்க அண்ணி" என்றாள். ஆனால் காபியைப் பூப்போட்ட கப்பில் கொண்டுவந்து வைத்தாள், தட்டில் பிஸ்கட்டோடு. அது விருந்தாளிகளுக்கான கப். எனக்கு எப்போதும் டம்ளர்தான். நான் குடித்தேன். ஹால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. சோபா இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன.

மறுநாள் தம்பி குளித்துக்கொண்டிருந்தபோது சமையலறைக்குள் போனேன். கலா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"கலா, உங்க வீட்டுக்குத் தண்ணி வரும்னு எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது, அண்ணி. எனக்குத் தெரியுமே." அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் கருங்குழிக்காரி, எங்க ஊர்லயும் ஏரி கீது. கோடின்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? மனை பாக்க வந்த அன்னிக்கே கேட்டேன். மேல இன்னா ஏரி கீது, கலங்கல் எந்தப் பக்கம் கீதுன்னு. மனை காட்ட வந்த ஆளு பேந்தப் பேந்த முழிச்சான். உங்க தம்பி எங்காதுல வந்து சொல்றாரு, பட்டிக்காட்டுக் கேள்வியெல்லாம் இங்க கேக்காதன்னு. எல்லாரும் படிச்சவங்களா நின்னுகினு இருந்தாங்க. எனக்கு வெக்கமாப் பூடுச்சு. வாய மூடிகினேன்."

நான் கீரையை உருவிக்கொண்டே இருந்தேன்.

"அதுக்கப்புறம் அந்த வார்த்தைய இந்த வூட்ல யாரும் சொல்லல. அன்னிக்கு நீங்கதான் சொன்னீங்க. இன்னா சந்தோசமா சொன்னீங்க! கால் கீழ தண்ணி ஓடுது அண்ணி. ஆனா ஏரி கோடி போவுதுன்னு நீங்க சொன்னதும் எனக்கும் ஒரு நிமிசம் சந்தோசந்தான் வந்துச்சு. சின்ன வயசுல வர மாதிரியே வந்துச்சு. அதான் எனக்குப் பொறுக்கல. உங்ககிட்ட எப்டிப் பேசறது?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

"யாராச்சும் பூ போட்டாங்களா?" என்றேன்.

"யாரு போடுவா? மேல ஊர்ல இருக்கறவங்க, கீழ வூட்டுக்குள்ள தண்ணின்னு பயந்துகினு போடல. முருகேசன் மாமா மட்டும் போயிட்டு வந்தாரு போல. கீழ இருக்கற நாங்க திட்டிகினு இருந்தோம்."

சாயங்காலம் அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். எங்கே போகிறீர்கள் என்று தம்பி கேட்டான்.

"பட்டிக்காட்டு வேலையாப் போறோம்" என்றாள் கலா. அவன் போய் கேட்டைத் திறந்துவிட்டான்.

முப்பதடி ரோட்டிலேயே போனோம். போகப் போக ரோடு மண்பாதையாயிற்று. அப்புறம் கோரை மண்டிய வாய்க்காலாயிற்று. அது நேரே கலங்கலில் போய் முட்டியது. நான் சிறுமியாக மீன் பிடித்த இடம்தான் அது. அந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று அதுவரைக்கும் நான் யோசித்ததே இல்லை. தை மாதம் என்பதால் கல்லின் மேல் மெல்லிசாகத்தான் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் உடைந்த பாட்டில்கள். கலா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கல்லில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. நான் கையால் மறைத்துக்கொண்டேன். சாமந்தியை உதிர்த்துப் போட்டுவிட்டு அவள் தண்ணீரிடம் சத்தமாகவே பேசினாள்.

"தாயே, வராம மட்டும் இருந்துடாத. வா. ஆனா ரோட்டோட போயிடு, வூட்டுக்குள்ள வராத."

திரும்பி வந்து காபி போட்டாள். டம்ளரில் கொடுத்தாள்.

7

அதற்குப் பிறகு நகரில் இருப்பவர்கள் சேர்ந்து, தண்ணீர் போக வழி வெட்டித்தரச் சொல்லி மனு எழுதினார்கள். கலங்கல் வாய்க்கால் என்று கலா எழுதிக்கொண்டு போனாளாம். ஆபீஸில், அப்படி ஒரு பெயரில் எதுவும் இல்லை, மழைநீர் வடிகால் என்று மாற்றி எழுதுங்கள் என்றார்களாம். அவள் வடிகால் என்றும் எழுதி, பக்கத்தில் கலங்கல் வாய்க்கால் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ரோட்டோரமாக வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். பாதி வெட்டி நிற்கிறது. இந்த மழைக்குள் முடியாது என்று தம்பி சொன்னான்.

சனிக்கிழமை எங்கள் வாய்க்காலை ஒருவழியாக வாரி முடித்தோம். இடுப்பு விட்டுப்போயிற்று. ராஜசேகர், இனி அடுத்த நோட்டீஸுக்குத்தான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கரையில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். போன் ஒலித்தது. கலாவின் குரல்.

"அண்ணி, கலா பேசறேன். ஏரி கோடி போவுது. காலையிலேர்ந்து போவுது. பிரிட்ஜு, பீரோ எல்லாத்தையும் மாடில ஏத்தியாச்சு. தண்ணி வாசப்படிக்குக் கீழ வந்து நின்னுகினு கீது. உள்ள வருமா வராதான்னு தெரியல. நான் கலங்கலுக்குப் போய் பூ போட்டுட்டு வந்துட்டேன். உங்க தம்பியும் வந்தாரு. பொறந்த வூட்லேர்ந்து சேதி சொல்லணும்ல, அதான் சொல்றேன். தைக்கு டிக்கெட் போட்டீங்களா இல்லியா?"

நான் ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிலா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா? நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

"அத்தை சொல்லிட்டாங்க" என்றேன்.